பழங்கற்படியும் பழைய மிதிவண்டியும்

உறுப்புகள் பல கூடி அமைந்த ஒரு பொருளில் அவ்வுறுப்புகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு வந்தால், அது எந்த எல்லை வரை அதே பொருளாகக் கொள்ளப்படும் என்னும் வினாவை இந்தியச் சமயங்கள் தேர், துணி, குடம் ஆகியவற்றை முன்வைத்து நெடுங்காலம் வாதிட்டிருக்கின்றன. கிரேக்க உலகில் இதே வினா தீசியஸ் என்னும் வீரனின் கப்பலைப் பற்றி எழுந்தது. பழுதான பலகைகளை மாற்றி மாற்றி ஏதென்ஸ் நகரத்தார் காத்துவந்த அக்கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதினார். கழித்த பலகைகளையெல்லாம் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் இரண்டில் எது தீசியசின் கப்பல் என்ற கேள்வியை 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் அதனுடன் சேர்த்தார். இந்த வாதங்களில் தேரும் கப்பலும் சான்றுக்காக எடுக்கப்பட்ட பொருள்களாகவே நின்றுவிடுகின்றன. பழைய பெல்ஜியப் பந்தய மிதிவண்டி ஒன்றை அடையாளம் காணவும் செப்பனிடவும் ஓட்டவும் முற்படுகிறவருக்கோ இது கையில் திருகுசாவியை வைத்துக்கொண்டு முடிவு செய்தாக வேண்டிய வினா. விடையைப் பொறுத்தே அவர் ஓர் உறுப்பைக் கழற்றுவதும் விட்டுவைப்பதும் அமையும்.

பெல்ஜிய மிதிவண்டி இவ்வினாவுக்கு வேறெதையும் விடப் பொருத்தமானது. அதன் பெயரும் உடலும் பிறந்த இடமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதே காரணம். பிரெஞ்சு மிதிவண்டிப் பந்தயத்தை ஐந்து முறை வென்ற பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் 1972ஆம் ஆண்டு மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தபோது ஏறியிருந்த வண்டியை இத்தாலியின் எர்னெஸ்டோ கொல்னாகோ கட்டினார். 1970களில் மெர்க்ஸின் பெயர் தாங்கிக் கடைகளில் விற்ற வண்டிகள் பல, ஊஸ்டெண்டு நகரின் கெசெல்ஸ் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. மெர்க்ஸ் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று, இத்தாலியக் கைவினைஞர் ஊகோ தே ரோசாவின் துணையோடு, மைசே என்னும் ஊரில் சொந்தத் தொழிற்சாலை தொடங்கியது 1980இல்தான். ஆகவே பிரேமின் மீதுள்ள பெயர் யார் கைவேலை அது என்பதைத் தானாகச் சொல்லிவிடுவதில்லை. ஃபிளாண்ட்ரியா நிறுவனத்தின் வரலாறு இன்னும் வியப்பானது. மேற்கு ஃபிளாண்டர்ஸ் பகுதியில் கிளாய்ஸ் குடும்பத்துச் சகோதரர்கள் நடத்திய அத்தொழிற்சாலை, ஏமே, ரெமி என்னும் இருவருக்கிடையே எழுந்த பிணக்கால் 1956இல் நடுவே சுவர் எழுப்பிப் பிரிக்கப்பட்டது. ஒரு பாதி ஃபிளாண்ட்ரியாவாகத் தொடர்ந்தது. மறு பாதி சுப்பீரியா என்னும் பெயர் பூண்டது. அதே கூரை, அதே தொழிலாளர், அதே தொழிற்பழக்கம் இரு பக்கமும் சென்றிருக்க, பழைய நிறுவனத்தின் தொடர்ச்சி எது என்ற கேள்விக்குப் பெயர்ப்பலகை தரும் விடை போதுமானதன்று. ஹாப்ஸ் கேட்ட கேள்வியை இந்தச் சுவர் செங்கல்லில் கட்டிக்காட்டிவிட்டது.

அடையாளம் காணுதல் என்பது அளவையியலின் வேலை. அதாவது, கண்ணால் காணும் குறி ஒன்றிலிருந்து காணாத உண்மையை அனுமானித்து அறிவது. இதற்குரிய தமிழ்ப் பாடம் மணிமேகலையில் உள்ளது. அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் பௌத்த அளவையில், மலை நெருப்புடைத்து, ஏனெனில் அது புகையுடைத்து என்னும் நல்ல ஏதுவோடு, ஏதுவைப் போலத் தோன்றி ஏமாற்றும் ஏதுப்போலிகளும் வகைப்படுத்தப்படுகின்றன. அவற்றுள் அசித்தம் என்பது ஏதுவே நிலைபெறாதது. அநைகாந்திகம் என்பது ஏது இருந்தும் முடிவு உறுதிப்படாமல் இருபுறமும் சாய்வது. விருத்தம் என்பது முடிவுக்கு நேர்மாறானதை நிறுவுவது. பழைய வண்டியை ஆராய்கிறவர் விழும் குழிகள் பெரும்பாலும் முதல் இரண்டே. காம்பக்னோலோ நிறுவனத்தின் நுவோவோ ரெக்கார்டு பின்பல்மாற்றியில் காப்புரிமைச் சொல்லோடு 74 என்னும் எண் பொறித்திருந்தால் அந்த உறுப்பு 1974ஐச் சேர்ந்தது என்பது நல்ல ஏது. அதைக் கொண்டு பிரேமும் 1974ஐச் சேர்ந்தது என்று முடிப்பது அநைகாந்திகம், ஏனெனில் பல்மாற்றி சில நிமிடங்களில் கழற்றி வேறு வண்டியில் பூட்டக்கூடியது. ஒட்டுப்படத்தைக் கொண்டு பிரேமை மெர்க்ஸ் என்று சொல்வது, ஒட்டுப்படம் புதிதாக அச்சிட்டதாக இருக்குமிடத்தில், அசித்தம்.

எனவேதான் தேர்ந்தவர்கள் வண்ணத்தைப் பாராமல் பெடல் அச்சு செல்லும் கூட்டைப் பார்க்கிறார்கள். அச்சையும் பால்ரஸ் குண்டுகளையும் கப்பையும் எடுத்துவிட்டு உள்ளே தெரியும் மரையை அளந்தால், இத்தாலிய முறை 36 மில்லிமீட்டர் குறுக்களவும் ஓர் அங்குலத்துக்கு 24 புரியும் கொண்டது. பிரெஞ்சு முறை 35 மில்லிமீட்டரும் ஒரு மில்லிமீட்டர் புரியிடைவெளியும் உடையது. ஆங்கில முறை 1.37 அங்குலம், அதாவது 35 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகவே படும். தவறான கப்பை வலிந்து திருகினால் அரை நூற்றாண்டு நிலைத்த மரை ஒரு நொடியில் அழிந்துபோகும். ஆங்கில முறையில் செயின் பக்கத்துக் கப் இடப்புறமாகத் திருகுவது, மற்ற இரண்டிலும் இரு பக்கமும் வலப்புறமாகவே திருகுவது என்னும் வேறுபாடும் உண்டு. ஆனால் இந்தச் சான்றும் பொய் சொல்லக்கூடும். ஆங்கில மரை தேய்ந்துபோன கூட்டில், இத்தாலிய அளவு சற்றுப் பெரிது என்பதால், புதிதாக இத்தாலிய மரை வெட்டிக்கொள்வது மெக்கானிக்குகள் அறிந்த வழி. அப்போது மரை இத்தாலி என்று கூறும். கூட்டின் அகலம் மட்டும், இத்தாலிக்குரிய 70 மில்லிமீட்டராக இல்லாமல், 68 மில்லிமீட்டராகவே நின்று, நடந்த மருத்துவத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு குறி மறைத்ததை இன்னொரு குறி வெளிப்படுத்தும் இவ்விடத்தில்தான் அனுமானத்தின் மேன்மை விளங்குகிறது.

அடையாளம் தெளிந்த பின்னரே செப்பனிடுதல் தொடங்கும். அங்கேதான் முழுமை என்பது என்ன என்னும் தத்துவ வினா உண்மையான கூர்மையோடு எழுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட கிரேக்க மன்னன் மினாந்தருக்கும் நாகசேனர் என்னும் பிக்குவுக்கும் நடந்த உரையாடலாக அமைந்த மிலிந்தபஞ்ஹ என்னும் பாலி நூலில், அச்சும் சக்கரமும் நுகமும் தனித்தனியே தேர் அல்ல, அவற்றுக்கு அப்பாலும் தேர் என ஒன்றில்லை, கூட்டத்துக்கு இட்ட வழக்குப் பெயரே தேர் என்று நாகசேனர் விளக்குகிறார். நியாய வைசேடிகர் இதை மறுத்து, உறுப்புகளில் உறைந்தும் உறுப்புகளின் வேறாகவும் உள்ள அவயவி என்னும் முழுப்பொருள் மெய்யாகவே உண்டு என்றனர். அவர்கள் கொள்கை ஒரு பெருவிலை கேட்கிறது: உறுப்பு ஒன்று நீங்கினால் பழைய முழுப்பொருள் அழிந்து புதியது தோன்றுகிறது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படியானால் ஒரு போக்ஸ் கம்பியை மாற்றினாலும் வேறு மிதிவண்டி. இன்னும் நுட்பமான ஒரு பிரிவு குடத்தைச் சுடுவது பற்றியது. சூளையின் வெப்பத்தில் குடம் அணுக்களாகச் சிதைந்து, நிறம் மாறி, மீண்டும் புதுக் குடமாகக் கூடுகிறது என்பது வைசேடிகரின் பீலுபாகக் கொள்கை. குடம் சிதையாமலே நிறம் மாறுகிறது என்பது நையாயிகரின் பிடரபாகக் கொள்கை. பழைய வண்ணத்தைச் சுரண்டித் தூள்வண்ணம் தூவி அடுப்பில் ஏற்றிச் சுட்டெடுக்கும் பிரேமைப் பார்க்கும்போது, பிடரபாகமே நியாயமெனத் தோன்றுகிறது. லக்கு எனப்படும் இணைப்புறைகளில் பித்தளை ஊற்றி இணைத்த குழாய்களின் பொருத்தம் அந்தச் சூட்டில் அசைவதில்லை.

ஆயினும் எல்லாவற்றையும் விடச் செப்பனிடுவோருக்கு உதவக்கூடிய சிந்தனை சமணத்திடம் உள்ளது. தமிழில் நீலகேசி, பௌத்தரின் கணபங்கவாதத்தை, அதாவது எல்லாப் பொருளும் நொடிக்கு நொடி அழிந்து தோன்றுகின்றன என்னும் கொள்கையை, விரிவாக மறுத்து, பொருள் நிலைத்தும் அதன் நிலைகள் மாறியும் இருப்பதை நிறுவ முயல்கிறது. சமந்தபத்திரர் தம் ஆப்தமீமாம்சையில் காட்டும் சான்று இதற்குத் தெளிவு தருவது: பொற்குடத்தை உருக்கி முடி செய்யும்போது, குடத்தை விரும்பியவன் வருந்துகிறான், முடியை விரும்பியவன் மகிழ்கிறான், பொன்னை விரும்பியவன் சமநிலையில் இருக்கிறான், மூவரின் உணர்ச்சிக்கும் மெய்யான காரணம் உண்டு. உரிந்த ஆரஞ்சு வண்ணத்தோடு கிடைத்த ஒரு மெர்க்ஸ் வண்டியை முழுதும் பளபளக்கச் செய்தால், பழந்தடம் விரும்பியவர் இழக்கிறார், புதுமை விரும்பியவர் பெறுகிறார், ஓட்டுவதை விரும்பியவர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார். இழப்பு வெறும் மனத்தோற்றம் என்று இழந்தவரைத் தேற்றிவிட இக்கொள்கை இடங்கொடுப்பதில்லை. அழிவும் தோற்றமும் நிலைபேறும் மூன்றுமே மெய் என்கிறது. செப்பனிடுகிறவர் தாம் அழிப்பதை அழிவு என்று அறிந்தே அழிக்க வேண்டும் என்னும் கடமை இதிலிருந்து பிறக்கிறது.

ஆகமங்கள் இக்கடமையைச் சடங்காக்கியிருக்கின்றன. சீர்ணோத்தாரணம் எனப்படும் திருப்பணியின்போது, மூலவரின் ஆற்றல் கலாகர்ஷணம் என்னும் முறையால் கலசத்துக்கோ வேறு உருவத்துக்கோ மாற்றப்பட்டு, பாலாலயத்தில் வைத்துப் பூசிக்கப்பட்டு, பணி முடிந்தபின் குடமுழுக்கில் மீண்டும் சேர்க்கப்படுகிறது. கல் மாறினாலும் கோயில் மாறாதது ஏன் என்பதற்கு இங்கே விடை தெளிவு: மாறாத ஒன்று அழைத்துச் செல்லப்பட்டு அழைத்து வரப்படுகிறது. மிதிவண்டியில் அவ்வாறு கலசத்தில் ஏற்றத்தக்க உயிர்ப்பொருள் எதுவும் இல்லை. ஆயுதபூசையில் சந்தனமும் குங்குமமும் பெற்றாலும் அது சடப்பொருளே. அப்படியானால் அதில் எதை ஏந்திச் செல்வது? இதற்கு விடை செம்பியன் மாதேவியின் திருப்பணியில் கிடைக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியான அவர், பழைய செங்கற்கோயில்கள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிகாவலில் பழைய கட்டடத்திலிருந்த கல்வெட்டுகள் புதுச் சுவரில் மீண்டும் வெட்டப்பட்டபோது, அவை பழைய கல்லின் படிகளே என்ற குறிப்பும் உடன் வெட்டப்பட்டது. கல் புதிது, சொல் பழையது, இரண்டுக்குமிடையே நடந்தது மறைக்கப்படவில்லை. சீரமைப்பைப் பற்றி உலகில் எழுதப்பட்ட எந்தக் கோட்பாட்டுக்கும் அக்குறிப்பு தாழ்ந்ததன்று. புதுச்சேரிக் கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சி எழுப்பிய மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்து, அதே இடத்தில் அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. பொருள் முற்றும் புதிதாயினும் வடிவம் பழையது என்பதும், இடிந்ததும் கட்டியதும் ஊரறிந்தது என்பதும் அதற்கு ஒரு நேர்மையைத் தருகின்றன. ஐம்பதாண்டுப் பழைய பிரேமில் புது ஒட்டுப்படம் ஒட்டி, எண்ணைத் திருத்தி, அசல் என்று விற்கப்படும் வண்டியோ, பொருளில் பெரும்பகுதி பழையதாயிருந்தும், அந்த நேர்மையை இழந்துவிடுகிறது. மாற்றிய உறுப்புகளின் எண்ணிக்கை பொருளின் ஒருமையை அழிப்பதில்லை. மாற்றத்தை மறைக்கும் பொய்யே அதை அழிக்கிறது.

இனி ஓட்டுதல். இருப்பு என்பதற்குப் பயன்விளைக்கும் ஆற்றலே இலக்கணம் என்று பௌத்த அளவையியலார் தர்மகீர்த்தி வரையறுத்தார். மெர்க்ஸ் 1972இல் ஓட்டிய வண்டி பிரசெல்சில் அவர் பெயர் பெற்ற மெட்ரோ நிலையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அத்தகைய ஒன்றைக் காத்து நிறுத்துவது முறையே, ஏனெனில் சான்றாக நிற்பதும் ஒரு பயன். ஆனால் கெசெல்ஸ் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்காகச் செய்த வண்டி சுவரில் தொங்கும்போது அதன் இருப்பில் பாதி உறங்குகிறது. கடோபநிடதம் உடலைத் தேராகவும் ஆன்மாவைத் தேருக்குரியவனாகவும் சொல்வதைச் சைவ சித்தாந்தி ஏற்றுக்கொண்டு, சடம் தானே இயங்காது, அறிவுடைப்பொருளின் பொருட்டே இயங்கும் என்பார். மிதிவண்டியில் இது வெளிப்படையாகவே தெரிகிறது: ஓட்டுகிறவரின் காலும் எடையும் இன்றி அது நிற்கக்கூட முடியாது.

கனகசெட்டிக்குளம் முழுமை பற்றிய இந்த வினாவுக்குத் தக்க ஓர் ஓட்டக்களம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருவோர் புதுச்சேரி ஆட்சிப் பகுதிக்குள் முதலில் நுழைவது இவ்வூரில்தான். அங்கிருந்து காலாப்பட்டும் பல்கலைக்கழகமும் கடந்து தெற்கே சென்றால், மீண்டும் தமிழ்நாட்டு மண், அதன்பின் மறுபடியும் புதுச்சேரி. காரைக்கால், மாகே, ஏனாம் என்று தொலைவில் சிதறியும், அண்மையில் இவ்வாறு துண்டுபட்டும் கிடக்கும் நிலங்கள் 1954இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிய பின்னும் ஒரே ஆட்சிப் பகுதியாகத் தொடர்கின்றன. உறுப்புகள் ஒன்றையொன்று தொட்டிருந்தால்தான் முழுமை உண்டு என்று சாதித்த நையாயிகருக்கு இந்நில அமைப்பு கடினமான எதிர்ச்சான்று. வழக்கே பெயருக்கு அடிப்படை என்ற நாகசேனருக்கு இது துணை.

கடலோர ஊராகையால் இங்கே எஃகு உப்புக்காற்றில் விரைவில் துருவேறும். அலுமினியச் சீட் கம்பியும் எஃகுக் குழாயும் தொடும் இடத்தில் உப்பீரம் புகுந்தால், இரு உலோகங்களுக்கிடையே எழும் மின்வேதி அரிப்பால் கம்பி குழாயோடு இறுகிப்போய், பின்னர் அறுத்தெடுப்பதன்றி வழியில்லாமலும் ஆகும். ஆண்டுதோறும் கம்பியைக் கழற்றிக் கிரீஸ் தடவுதல், குழாய்களுக்குள் எண்ணெய் விடுதல், ரிம்மில் கோட்டம் எடுத்தல் என இங்குள்ள ஓவராயில் ஒருமுறையோடு முடிவதன்று. உறுப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். எனவே எந்த ஆண்டு எந்த உறுப்பு நீங்கிற்று, எது புதிதாகப் பூட்டப்பட்டது, எந்த மரை மறுபடி வெட்டப்பட்டது, எந்த ஒட்டுப்படம் புதியது என்பவற்றை ஒரு தாளில் எழுதி, ஈரம் புகாத உறையிலிட்டு, வண்டி கைமாறும்போதெல்லாம் அதனுடன் கொடுப்பது செப்பனிடுவோர் மேற்கொள்ளத்தக்க வழக்கம். அத்தாளின் கீழ்ப்பகுதி, அடுத்து வருகிறவர் தம் வேலையை எழுதிச் சேர்ப்பதற்காக, வெறுமையாக விடப்பட்டிருக்க வேண்டும்.