பிழை செய்யாதவரின் கடன்

வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு இந்தியச் சட்டம் 1923 முதல் ஒரே விடையைச் சொல்லிவருகிறது: வேலை கொடுத்தவர். அவர் கவனக்குறைவாக இருந்தாரா, சூப்பர்வைசர் அவசரப்படுத்தினாரா, பவர் பிரஸ்ஸின் சென்சார் சரியாக இருந்ததா என்பவையெல்லாம் இந்தக் கடனைத் தீர்மானிப்பதில்லை. காயம் வேலை நேரத்தில், வேலையின் காரணமாக நேர்ந்ததா என்பது தெரிந்தால் போதும். தவறே செய்யாத ஒருவர் எப்படிக் கடனாளி ஆவார் என்பது அறவியலில் பழைய கேள்வி. விபத்தை அறிவிப்பது முதல் பணத்தைக் கட்டிக் கோப்பை முடிப்பது வரை ஒரு முதலாளி செய்ய வேண்டிய ஒவ்வொரு காரியத்திலும் அந்தக் கேள்விக்கான ஒரு விடை பொதிந்திருக்கிறது.

அந்த விடை எளிதில் வந்துவிடவில்லை. 1837-இல் இங்கிலாந்தில், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்த ஒரு கசாப்புக்கடைப் பையன் தன் முதலாளி மீது வழக்குப் போட்டான். ஆபத்து அவனுக்கும் தெரிந்திருக்கும், வேண்டாம் என்று மறுத்திருக்கலாம் என்று சொல்லி நீதிமன்றம் அவனை வெறுங்கையோடு அனுப்பியது. 1842-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் நீதிமன்றம் இதே தர்க்கத்தை இன்னும் கூர்மையாக்கியது: ரயில்வே வேலைக்குக் கூடுதல் கூலி கொடுப்பதே ஆபத்துக்கும் சேர்த்துத்தான், ஆகவே தனியாக இழப்பீடு கிடையாது. ஆபத்தை விலை பேசித் தன்னிச்சையாக விற்கக்கூடியவனாகத் தொழிலாளியைக் கற்பனை செய்த தத்துவம் இது. பசியோடு வேலை கேட்டு நிற்பவனுக்கு மறுக்கும் சுதந்திரம் எவ்வளவு இருக்கும் என்று அந்தத் தீர்ப்புகள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜெர்மனி 1884-இலும் பிரிட்டன் 1897-இலும் பிழையைப் பார்க்காத இழப்பீட்டுக்கு மாறின. எதிர்ப்பு மிகத் தெளிவாக ஒலித்த இடம் நியூயார்க். தவறு செய்யாத முதலாளியிடமிருந்து பணத்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது சொத்துரிமையைப் பறிப்பதே என்று கூறி, 1911 மார்ச் 24-இல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் இழப்பீட்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. மறுநாள் நியூயார்க் நகரில் ட்ரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றி 146 பேர் இறந்தார்கள். தீர்ப்புக்கும் தீக்கும் காரணத் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும், பிழை நிரூபணமாகும் வரை கடன் கிடையாது என்ற கொள்கையின் விலை ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1913-இல் மாநில அரசியலமைப்பு திருத்தப்பட்டது. 1917-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அத்தகைய சட்டம் செல்லும் என்றது.

இந்தியாவில் இந்தக் கேள்வி இன்னொரு வேடத்திலும் வருகிறது. விபத்து நடந்த பட்டறையில், ஆஸ்பத்திரி வராந்தாவில், சில சமயம் அடிபட்டவரின் வாயிலிருந்தே, ‘எல்லாம் விதி’ என்ற சொல் வந்து விழும். முன்வினைதான் விரலைத் துண்டித்தது என்றால் முதலாளி எதற்குப் பணம் கட்ட வேண்டும்? வினைக்கொள்கையை முழுதாக ஏற்றுக்கொண்டாலும் இந்த வாதம் நிற்காது. ஒருவருக்கு வந்த துன்பத்தின் மூலகாரணம் எதுவானாலும், அதற்கு வாசலாக அமைந்தவர் அடுத்து என்ன செய்கிறார் என்பது அவருடைய சொந்த வினையாகிறது. பௌத்தம் இதற்கும் ஒரு படி மேலே போனது. சம்யுத்த நிகாயத்தில் சீவகர் என்ற துறவி, மனிதர் அனுபவிக்கும் எல்லாமே முன்வினைப் பயன்தானா என்று புத்தரிடம் கேட்கிறார். புத்தர் அதை மறுத்து எட்டுக் காரணங்களைச் சொல்கிறார். பித்தமும் கபமும் வாதமும், அவை மூன்றும் சேர்ந்த கோளாறும், பருவமாற்றமும், பொருந்தாத நடத்தையும், பிறரால் நேரும் தாக்குதலும் அதில் அடக்கம். வினைப்பயன் அந்த எட்டில் ஒன்று மட்டுமே. பட்டறை விபத்தை எடுத்த எடுப்பில் முன்பிறவிக்கு அனுப்பிவைக்க இங்கே இடமில்லை.

தமிழ் மரபில் இதற்கு நெருக்கமான கதை மனுநீதிச் சோழனுடையது. பெரியபுராணம் சொல்லும் அந்தக் கதையில் திருவாரூர் வீதியில் போகும் இளவரசனின் தேர்க்காலில் கன்று தானாகப் பாய்ந்து இறக்கிறது. அதன் தாய்ப்பசு அரண்மனை மணியை அடித்து முறையிடுகிறது. இளவரசன் அதை எண்ணிச் செய்யவில்லை, தடுக்கவும் நேரமில்லை. ஆனாலும், இளவரசன் மேல் தவறில்லை, ஆகவே எதுவும் செய்ய வேண்டாம் என்று கதையில் யாரும் சொல்வதில்லை. அமைச்சர்கள் சாத்திரம் விதித்த கழுவாய் போதும் என்கிறார்கள். அரசன் அது போதாது என்கிறான். கடன் உண்டா என்பதில் விவாதமே இல்லை, எப்படித் தீர்ப்பது என்பதில்தான் விவாதம். அரசன் எடுத்த முடிவு தண்டனை. சிவபெருமான் வந்து கன்றை எழுப்பியிராவிட்டால் அந்தத் தண்டனையால் தாய்ப்பசுவுக்கு எதுவும் கிடைத்திருக்காது. இழப்பீட்டுச் சட்டம் இந்த இடத்தில் அரசனுக்கு நேர் எதிராகப் போகிறது. அது யாரையும் தண்டிக்க வருவதில்லை, மணியை அடித்தவரின் பிழைப்பைப் பார்க்க வருகிறது.

விபத்தை மறைக்கும் பழக்கத்தின் வேர் இந்த வேறுபாடு புரியாததில் இருக்கிறது. அறிக்கை அனுப்பினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று முதலாளிகள் பலர் நினைக்கிறார்கள். தொழிலாளர் அரசுக் காப்பீடான ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இந்த அச்சத்துக்கு இடமே இல்லை. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளிக்காக முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் ஏற்கெனவே செலுத்திவருகிறார்கள். விபத்து நடந்ததும் முதலாளி செய்ய வேண்டியது விபத்துப் பதிவேட்டில் எழுதி, கிளை அலுவலகத்துக்கு விபத்து அறிக்கையை அனுப்புவது. சிகிச்சையும் ஊதியத்தில் 90 சதவீத அளவிலான உதவித்தொகையும் ஈ.எஸ்.ஐ. கழகத்தின் பொறுப்பு. முதலாளி சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும் கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை முதலாளியிடம் வசூலிக்க முடியும்.

ஈ.எஸ்.ஐ. இல்லாத இடங்களில் 1923-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த வழிதான். 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதன் கட்டமைப்பைப் பெரும்பாலும் அப்படியே உள்வாங்கிக்கொண்டு, வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. தொழிலாளி எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும் என்பது விதி. ஆனால் முதலாளிக்கு வேறு வழியில் செய்தி தெரிந்திருந்தால் அறிவிப்பு வரவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. அறிந்துகொண்ட கணமே பொறுப்பும் தொடங்கிவிடுகிறது. அறிவிப்பு வந்த மூன்று நாட்களுக்குள் தன் செலவில் மருத்துவப் பரிசோதனை செய்ய அவர் முன்வரலாம். விபத்தை அரசுக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயமான இடங்களில், மரணமோ எலும்பு முறிவு, உறுப்பிழப்பு, இருபது நாட்களுக்கு மேல் வேலைக்கு வர முடியாத நிலை போன்ற கடுங்காயமோ நேர்ந்தால் ஏழு நாட்களுக்குள் இழப்பீட்டு ஆணையருக்கு அறிக்கை போக வேண்டும். காண்ட்ராக்டரின் ஆள் என்று கையை விரிக்கவும் வழியில்லை. பிரதான முதலாளி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு காண்ட்ராக்டரிடம் வாங்கிக்கொள்ளலாம்.

பணம் எப்போது கடனாகிறது? 1975-இல் உச்ச நீதிமன்றம் இதற்குத் தெளிவான விடை தந்தது: ஆணையர் உத்தரவு போடும் நாளில் அல்ல, காயம்பட்ட நாளில். உத்தரவு அந்தக் கடனைக் கணக்கிடுகிறது, உண்டாக்குவதில்லை. கேட்கப்படும் முழுத் தொகையை முதலாளி ஏற்காவிட்டாலும், தான் ஒப்புக்கொள்ளும் அளவுக்காவது இடைக்காலமாகக் கொடுத்தாக வேண்டும். ஒரு மாதம் தாண்டினால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணமில்லாத தாமதத்துக்குத் தொகையில் பாதி வரை அபராதம். தொழிலாளர் இழப்பீட்டுக்கான டபிள்யூ.சி. பாலிசி எடுத்து வைத்திருக்கும் முதலாளிக்கு இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டிவிடும், அபராதத்தைக் கட்டாது. துரதிர்ஷ்டத்தைப் பலர் பகிர்ந்துகொள்ளலாம், தாமதம் அவரவருடையது என்ற பாகுபாடு இதில் இருக்கிறது. பகிர்ந்துகொள்ளும் இந்த யோசனை இன்சூரன்ஸுக்கு வெகு முந்தியது. இஸ்லாமியச் சட்டத்தில் தவறுதலாக நேர்ந்த மரணத்துக்கான தியத் என்ற ஈட்டுத் தொகையைச் செய்தவரின் உறவுக்குழு சேர்ந்து கொடுக்கும். அடிமையை விடுவிப்பது அல்லது இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பிருப்பது என்ற பரிகாரத்தை மட்டும் அவரே தனியாகச் செய்ய வேண்டும்.

சட்டத்தின் இன்னொரு விதி மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் அலுவலக நடைமுறையாகத் தோன்றும். தொழிலாளி இறந்தால் இழப்பீட்டை முதலாளி குடும்பத்தாரின் கையில் நேரடியாகக் கொடுக்கக் கூடாது, ஆணையரிடம் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தால், முன்பணமாக ஓரளவு தவிர, அது கணக்கில் சேராது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமும் செல்லாது. ஏமாற்றைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் இதன் அற விளைவு அதைவிடப் பெரியது. துக்க வீட்டுக்குக் கவரோடு வரும் முதலாளி, எவ்வளவு நல்ல மனதோடு வந்தாலும், கொடையாளியாகிவிடுகிறார். விதவை கைகூப்ப வேண்டியிருக்கிறது. அதே பணம் அரசு அலுவலகம் வழியே வரும்போது நன்றி சொல்ல எதிரே ஆள் இல்லை. கொடுப்பவர் புண்ணியத்தை இழக்கிறார், பெறுபவர் தலை நிமிர்ந்து வாங்குகிறார். சிவகாசிப் பட்டாசு ஆலை விபத்துகளுக்குப் பிறகு நடக்கும் சமரசப் பேச்சுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் தேவையை விளக்க வேண்டியதில்லை.

எவ்வளவு என்பதில் சட்டம் கணக்கை மட்டுமே நம்புகிறது. 2020 ஜனவரியில் மாதச் சம்பளம் அதிகபட்சம் 15,000 ரூபாய் என்று கணக்கில் கொள்ளப்பட்டது. மரணத்துக்கு அதில் 50 சதவீதமும், நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதமும் வயதுக்குரிய காரணியால் பெருக்கப்படும். முப்பது வயதுக்குக் காரணி 207.98, ஐம்பதுக்கு 153.09. ஆகவே முப்பது வயதுக்காரரின் மரணத்துக்கு 15,59,850 ரூபாய், ஐம்பது வயதுக்காரருக்கு 11,48,175. பகுதி ஊனத்துக்கு அட்டவணை உண்டு: கட்டைவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் 14, ஒரு கண் 40. மரணத்தைவிட முழு ஊனத்துக்கு அதிகத் தொகை என்பது முதலில் அதிர்ச்சி தரும். இறந்தவருக்குச் சோறும் மருந்தும் வேண்டாம், ஊனமுற்றவருக்கு வேண்டும் என்பதே அதன் காரணம். மதிப்பிடப்படுவது உயிரே அல்ல, சம்பாதிக்கும் திறன். அந்த அளவுகோலையும் இயந்திரமாகப் பிடிக்கக் கூடாது என்று 1975-இன் அதே தீர்ப்பு காட்டியது. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த ஒரு தச்சருக்கு, ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், முழு ஊனத்துக்கான இழப்பீடே உரியது என்று நீதிமன்றம் சொன்னது.

யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா காயத்துக்கு ஐந்து வகையில் ஈடு கேட்டது: உடல் இழப்பு, வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, அவமானம். இந்தியச் சட்டம் முதலாவதையும் மூன்றாவதையும் நான்காவதையும் எடுத்துக்கொண்டு, வலியையும் அவமானத்தையும் விட்டுவிட்டது. இது கருமித்தனம் மட்டுமல்ல. பிழையைக் கேட்காமல் விரைவாகக் கொடுப்பதற்கு, அளக்க முடியாதவற்றை வெளியே நிறுத்தும் பேரம் அது. பேரம் நியாயமானதா என்பது வேகத்தைப் பொறுத்தது. வழக்கு வருடக்கணக்கில் இழுத்தால் தொழிலாளி இரண்டு பக்கமும் தோற்றவர்.

தொழிலாளியின் பிழையை மட்டும் சட்டம் முழுதாக மறக்கவில்லை. குடித்திருந்தாலோ, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியிருந்தாலோ, இயந்திரத்தின் தடுப்பைத் தெரிந்தே கழற்றியிருந்தாலோ இழப்பீட்டை மறுக்கலாம். ஆனால் மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் நேர்ந்திருந்தால் இந்த விலக்கு எதுவும் பொருந்தாது. சிறு காயத்தில் தவறு எடைபோடப்படுகிறது, பெருங்காயத்தில் மன்னிக்கப்படுகிறது. தர்க்கத்தில் இது முரண்தான். சாகும் அளவுக்குத் தவறு செய்தவரின் குழந்தைகள் தவறு செய்யவில்லை என்று நினைத்துப் பார்த்தால் முரண் சற்றுத் தளர்கிறது.

முதலாளியும் தொழிலாளியும் ஒத்துப்போகவில்லை என்றால் ஆணையர் விசாரித்து முடிவு செய்வார். விண்ணப்பிக்க விபத்திலிருந்து இரண்டு ஆண்டு கெடு. முடிவை எதிர்த்து முதலாளி உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் தீர்ப்பான தொகையை முதலில் ஆணையரிடம் கட்டிய சான்று இல்லாமல் மேல்முறையீடு எடுக்கப்படாது. முதலாளி உண்மையிலேயே தவறு செய்தவர் என்று நினைக்கும் தொழிலாளிக்கும் வேறு வாசல் உண்டு. இழப்பீட்டுக்குப் பதிலாக உரிமையியல் நீதிமன்றத்தில் பிழையை நிரூபித்து, வலிக்கும் அவமானத்துக்கும் சேர்த்து ஈடு கேட்கலாம். ஆனால் ஒரே காயத்துக்கு இரண்டு வாசலையும் தட்ட முடியாது: ஆணையரிடம் போனவர் அந்த வழக்கைக் கைவிட வேண்டும், வழக்குப் போட்டவர் ஆணையரிடம் வர முடியாது. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவருக்கு முதலாளியிடம் இழப்பீடு கேட்கும் இந்த இரண்டு வாசலும் அடைபட்டிருக்கின்றன.