ஐம்பது கிராம்

கோவில்பட்டிக்காரர்களுக்குத் தீக்குச்சி மருந்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மானாவாரிக் கரிசல் ஏமாற்றிய வருஷங்களில் பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும்தான் இங்கே பல வீடுகளில் உலை கொதித்தது. அந்த மருந்துக்கு ஒரு பழைய கதை உண்டு. ஒரு காலத்தில் தீக்குச்சித் தலையில் இருந்தது வெள்ளைப் பாஸ்பரஸ். ஆலையில் வேலை பார்த்தவர்களின் தாடை எலும்பை அது அழுகவைத்தது. ஆபத்து குறைந்த சிவப்புப் பாஸ்பரஸ் தீப்பெட்டி 1850களிலேயே சுவீடனில் வந்துவிட்டது. ஆனால் வெள்ளையை விலக்க பெர்ன் நகரில் ஒப்பந்தம் போட்டது 1906இல். இந்தியாவில் தடைச் சட்டம் வந்தது 1913இல். வெள்ளை மலிவு, எங்கே உரசினாலும் பற்றும். குச்சி வாங்கியவனின் தாடை நன்றாகத்தானே இருந்தது!

ஃபிரிட்ஜ் வாயுவின் கதையில் இதே கணக்கு தலைகீழாக நடக்கிறது. ஆரம்பகால ஃபிரிட்ஜுகளில் இருந்தவை கசிந்தால் ஆளைக் கொல்லும் வாயுக்கள். அதற்கு மாற்றாக வந்த ஃப்ரியான் எரியாது, விஷமும் இல்லை. 1930இல் தாமஸ் மிட்ஜ்லி அதை மூச்சில் இழுத்து, மெழுகுவர்த்தி மேல் ஊதி அணைத்துக் காட்டினார். சமையலறை பிழைத்தது, ஓசோன் ஓட்டையானது. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம். அடுத்து வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடவில்லை, ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 1,430 மடங்கு பூமியைச் சூடாக்கும். இப்போது புதிதாக வரும் வீட்டு ஃபிரிட்ஜுகளில் பெரும்பாலும் ஆர்-600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். கிட்டத்தட்ட நம் அடுப்பு கேஸின் பங்காளி. சூடாக்கும் திறன் ஒற்றை இலக்கம்தான், ஆனால் தீப்பிடிக்கும்.

1993இல் கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் ஒரு நொடிந்த கம்பெனி, கிரீன்பீஸ் அமைப்போடு சேர்ந்து இந்த வகை ஃபிரிட்ஜை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வெடிக்கும் என்று போட்டிக் கம்பெனிகள் பயமுறுத்தின. தொழில்நுட்பத்தைக் காப்புரிமையில் பூட்டாமல் விட்டதால் உலகமே எடுத்துக்கொண்டது. (எங்கள் தொழிலில் ஓபன் சோர்ஸ் என்போம்.) பயமுறுத்தல் மிகைதான். ஒரு வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பது சுமார் ஐம்பது கிராம், மூடிய குழாய்க்குள். வீட்டுக்காரருக்கு அதனால் வரும் ஆபத்து மிகச் சிறியது.

அந்தக் குழாயைத் திறப்பவர் வேறு ஆள்.

எங்கள் பக்கத்தில் ஃபிரிட்ஜ் பார்க்கும் அண்ணாச்சி ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். "தம்பி, 134ஏ-ன்னா நாள் பூரா தைரியமா பத்தவச்சு வேலை பாப்போம். இது அப்படியில்ல. ஜன்னல் இல்லாத அடுக்களைக்குள்ள கூப்பிட்டு, அரை மணியில முடிங்கன்னா என்ன செய்ய?" என்றார். சமையல் சிலிண்டரில் வாசனைப் பொருள் சேர்க்கிறார்கள், கசிந்தால் மூக்கு சொல்லிவிடும். இந்த வாயுவில் அது கிடையாது. காற்றைவிடக் கனமானதால் தரையோடு தேங்கும். கசிவு காட்டும் கருவி, காற்றோட்டம், நெருப்பில்லாமல் குழாய் இணைக்கும் முறை எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். நாமோ கேஸ் அடிக்கும் கூலியில் நூறு ரூபாய் குறைக்கப் பார்ப்போம்.

அதனால் 134ஏவிலேயே இருந்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. பழைய ஃபிரிட்ஜ் ஒன்றிலிருந்து அந்த வாயுவை நூறு கிராம் வெளியே விட்டால் 143 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வருஷத்துக்கு 200 யூனிட் இழுக்கும் ஃபிரிட்ஜின் மின்சாரம் உண்டாக்கும் புகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு 'புஸ்', ஒரு வருஷம். மழையை மட்டும் நம்பியிருக்கும் கரிசலில் அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாறியது சரி. ஆனால் பெயர் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக நாம் ஏற்றதாகச் சொல்லிக்கொள்ளும் ஆபத்து, நமக்குப் பெயர் தெரிந்த ஒருவரின் கையில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியவர்களும் அதை வாங்கிய நாமும் அவருக்கு என்ன தருகிறோம்? பயிற்சியும் கருவியும் புது ஃபிரிட்ஜின் விலைக்குள்ளேயே வர வேண்டும் என்பது என் கட்சி. அவருடைய மனச்சாட்சி மேல் தூக்கிப் போடுவது சுலபம், நியாயமில்லை.

பழைய வாயுவைக் காற்றில் விடாமல் சிலிண்டரில் பிடிக்கலாமே என்று அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"பிடிக்கலாம் தம்பி. பிடிச்சு வச்சா யாரு வாங்குவா?"