உடைவதற்கென்று ஒரு போல்ட்

செங்கத்துக்காரரிடம் பனி என்று சொன்னால், அவருக்கு நினைவு வருவது மார்கழி விடியலில் ஜவ்வாது மலையைப் போர்த்திக் கிடக்கும் வெண்புகைதான். வெயில் ஏறினால் அது தானே போய்விடும். அதை வழித்தெடுக்க லாரி வேண்டியதில்லை. ஆனால் இமயத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே சுவராக நிற்பதற்கும் தமிழில் அதே பெயர்தான். இந்த வட ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள் இரண்டு பனியையும் அறிவார்கள்.

காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜி லா கணவாய் 11,500 அடிக்கு மேல் இருக்கிறது. 1960-ல் தோன்றிய எல்லைச் சாலை நிறுவனத்தார் ஆண்டுதோறும் அங்கே பனியோடு மல்லுக்கு நிற்கிறார்கள். முன்பெல்லாம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பாதையை, 2025-ல் 32 நாள் அடைப்புக்குப் பின் ஏப்ரல் முதல் தேதியன்று திறந்துவிட்டார்கள்.

லாரிக்குப் பனிக்கலப்பை வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கலப்பையை அல்ல, லாரியை. முன் அச்சு எவ்வளவு பாரம் தாங்கும்? முன்னால் இரும்பைத் தொங்கவிட்டால் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். பின்னால் எதிர்ப்பாரம் ஏற்ற வேண்டும், சக்கரங்களுக்குச் சங்கிலி கட்ட வேண்டும். புதுப்பனிக்கு நேர்த்தகடு போதும். ஆழ்ந்து இறுகிய பனியைப் பிளக்க 'வி' வடிவத் தகடு. ஒதுக்கவே இடமில்லாத இடத்தில், சுழலும் பற்களால் வெட்டித் தூர வீசும் எந்திரம்.

இதெல்லாம் கணக்கு. விவரம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி வேறு: 'பனிக்கடியில் ஒளிந்திருக்கும் பாறையில் மோதினால் இது என்ன செய்யும்?' நல்ல கலப்பையின் தகடு ஸ்பிரிங்கின் தயவால் மடிந்து கொடுக்கும். பாறையைத் தாண்டியதும் நிமிர்ந்துகொள்ளும். தரையை உராயும் விளிம்பு தனித் துண்டு. நம் ஏரில் கொழு தேய்வதுபோல அது தேயும், மாற்றிக்கொள்ளலாம். வீசும் எந்திரத்தில் இன்னும் விசித்திரம். வேண்டுமென்றே பலவீனமாகச் செய்த போல்ட் ஒன்று அதில் இருக்கிறது. பற்களில் கல் சிக்கினால் அது பட்டென்று முறியும். பற்கள் நின்றுவிடும், கியர் பாக்ஸ் பிழைக்கும்.

மூட்டுகளுக்குக் கிரீஸ் இடுவது, ஹைட்ராலிக் எண்ணெயில் தண்ணீர் கலக்காமல் பார்ப்பது, துருவைச் சுரண்டி வர்ணம் பூசுவது, இவை எந்தச் சோம்பேறிக்கும் சொல்லிக் கொடுக்கக் கூடியவை. பராமரிப்பின் சோதனை அந்தப் போல்டில் இருக்கிறது. விரல் மரத்துப்போகிற குளிரில் மூன்றாவது முறையும் அது முறிந்தால், 'கெட்டியான போல்டாகப் போட்டுத் தொலைப்போம்' என்று யாருக்குத்தான் தோன்றாது? போட்டால் அடுத்த கல்லுக்குக் கியர் பாக்ஸே போகும். அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று கம்பியை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கும் மகானுபாவர்கள் நம் தெருவிலும் உண்டு.

ஒன்றைக் காக்க மற்றொன்றை உடையக் கொடுப்பது தர்மமா? இரும்பின் விஷயத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. அதன் பலவீனத்தை யாரும் மறைக்கவில்லை. மாற்றுப் போல்ட் ஓட்டுநரின் பெட்டியில் தயாராக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது முறிந்தால் வேலை நிற்கிறது. ஓட்டுநர் இறங்கி வந்து, என்ன சிக்கியது என்று குனிந்து பார்த்தே தீர வேண்டும்.

மனிதர்களை இப்படிப் பூட்டும்போதுதான் நெஞ்சு உறுத்துகிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லப்பட்ட 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பலர் இந்த ஜவ்வாது மலைப் பக்கத்தவர்கள், மற்றும் தருமபுரி மாவட்டத்தவர்கள். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமைக்காரர்கள் மறுத்தார்கள். அந்த வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். கூலி பேசி ஆள் பிடித்தவன் அந்தக் காட்டில் இல்லை, மரத்துக்குப் பணம் கொடுத்தவனும் இல்லை. கோடரி பிடித்தவனே முறிவதற்கென்று அமைந்த போல்ட். முறிந்த பிறகும் எந்திரம் நிற்கவில்லை. செம்மரம் கடத்தப்பட்டதாகச் செய்திகள் வந்துகொண்டேதான் இருந்தன.

பட்டாளத்துக்காரனும் அப்படித்தானே என்று கேட்கலாம். இல்லை என்பேன். அவன் தெரிந்து கையெழுத்திட்டவன். அவன் விழுந்தால் பெயர் சொல்லி உடலை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள், மனைவிக்குப் பென்ஷன் வருகிறது. அது போதுமா என்பது வேறு கேள்வி. ஆனால் அவன் முறிவதைக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். தம்பி தங்கைகளைக் கரையேற்றத் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த மூத்த பெண்ணுக்குச் சில வீடுகளில் அந்தக் கணக்குகூட இல்லை. அவள் சலித்து ஒரு சொல் சொல்லிவிட்டால், 'இவளுக்கு என்ன வந்தது?' என்று எல்லோரும் ஆச்சரியப்படுகிறார்கள். ஆனால் யாரும் இறங்கி வந்து குனிந்து பார்ப்பதில்லை.