கட்டும் விடுதலையும்

பசுவந்தனைக் கரிசற்காட்டில் நின்று கடலைப் பற்றிச் சிந்திப்பது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். தூத்துக்குடிக் கடல் தொலைவில் இல்லை. ஆயினும் மழையை நம்பி விதைத்து வாழும் நமக்குக் கடல் அயலானதே. எனினும் கடலோரத் தமிழர் ஆங்கிலத்திற்கு ஈந்த ஒரு சொல், நம் புஞ்சைகளில் நாள்தோறும் ஒலிக்கும் சொல்லிலிருந்தே பிறந்தது. நாம் சோளத்தட்டையைக் கட்டுகிறோம். பருத்திப் பொதியைக் கட்டுகிறோம். தொழுவில் மாட்டைக் கட்டுகிறோம். அவர்கள் மரங்களைக் கட்டினர். அதுவே கட்டுமரம்.

வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி, 1697-இல் வெளிவந்த தம் பயண நூலில் இச்சொல்லைக் ‘கேட்டமரான்’ என்னும் ஒலிப்பில் பதிவு செய்தார். அதன்பின் அச்சொல் கண்ட மாற்றங்கள் பல. 1804-இல் பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்க ஆங்கிலேயர் மிதக்கவிட்ட வெடிகலங்களுக்கு அப்பெயரைச் சூட்டினர். சண்டைக்காரப் பெண்ணை ஏசும் வசைச்சொல்லாகவும் அது ஆங்கிலத்தில் வழங்கிற்று. 1876-இல் நத்தானியேல் ஹெரஷாஃப் என்னும் அமெரிக்கர் அமைத்த இரட்டையுடல் படகு பந்தயத்தில் வாகை சூடியது. இன்று உலகம் அச்சொல்லால் அறிவது அத்தகைய இரட்டையுடல் கலத்தையே. சொல் கரையேறிவிட்டது, அதனுள் இருந்த ‘கட்டு’ மட்டும் கடலோடு போயிற்று. மரமும் இல்லை, கட்டும் இல்லை, பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

இழந்த அந்தப் பகுதியைப் பற்றியே ஈண்டுச் சிந்திக்க விழைகிறோம். கட்டு என்பது நன்மையா, தீமையா?

தமிழ் இதற்கு எளிதில் விடை தருவதில்லை. வீடு கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம் என்னும்போது கட்டு வாழ்வைத் தொடங்கி வைக்கிறது. கட்டுண்டான் என்னும்போது வாழ்வை முடக்குகிறது. பாசம் என்றால் அன்பு. பாசம் என்றால் கயிறும் ஆகும். உயிரைப் பிணிக்கும் தளைக்குச் சைவ மெய்யியல் இட்ட பெயரும் அதுவே. ஒருவனை ஒதுக்கி வைக்க ‘ஊர்க்கட்டுப்பாடு’ என்ற பெயரே போதுமானதாக இருந்த காலத்தையும் நாம் அறிவோம். முன்பணம் என்னும் கயிற்றால் ஒரு குடும்பத்தின் உழைப்பையே பிணித்து வைக்கும் கொடுமையை ஒழிக்க 1976-இல் நாடாளுமன்றம் சட்டமியற்ற வேண்டியிருந்தது. அந்தக் கயிறும் கட்டுதான்.

அப்படியாயின் கட்டுகள் அனைத்தையும் அறுத்தெறிவதே விடுதலையா? கட்டுமரத்தையே கேட்போம்.

தனித்த ஒரு மரம் உருளும். அதன்மேல் நின்று எவரும் வலை வீச இயலாது. சில மரங்களைச் செதுக்கி, இணைத்து, கயிற்றால் பிணித்தால் அலையையே எதிர்கொள்ளலாம். மரங்களின் இடைவெளியில் நீர் ஏறும். ஏறிய வழியே இறங்கும். ஆதலால் அது எளிதில் மூழ்குவதில்லை. கரை சேர்ந்ததும் மீனவர் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர வைப்பர். அவிழ்க்காமல் விட்டால் மரம் நீரூறிக் கனக்கும். மறுமுறை கடலுக்குச் செல்லும்போது மீண்டும் கட்டுவர்.

இதில் இரு உரைகற்களைக் காண்கிறோம். முதலாவது, கட்டியவர் எங்கே நிற்கிறார்? மரத்தைக் கட்டிய மீனவர் அதன்மேலேயே நிற்கிறார். முடிச்சுத் தளர்ந்தால் அவருக்கும் கேடு. கடனால் பிறரைக் கட்டியவரோ கரையில் நின்றுவிடுகிறார். இரண்டாவது, அது அவிழ்க்கத் தக்க கட்டா? உலர ஒரு பொழுது தராத உறவு, நீரூறிய மரம்போல் தன் கனத்தாலேயே தாழும். வேலையிலும் குடும்பத்திலும் ஊரிலும் இவ்விரு வினாக்களையும் எழுப்பிப் பார்ப்போமாக.

‘அவிழ்க்க இயலும் கட்டு ஒரு கட்டாகுமா?’ என்று வினவலாம். நேர்மையான வினாவே. நடுக்கடலில் ஒரு மரம் தன் விடுதலையை நாடினால் மேலிருப்பவர் மாள்வார். ஆதலால் அவிழ்ப்பதற்கும் இடமும் நேரமும் உண்டு. பஞ்சத்திலும் நோயிலும் அறுத்துக்கொண்டு போவது விடுதலையன்று, கைவிடுதலே. கரையில் அவிழ்ப்பது பிரிவதற்கன்று, மீண்டும் கட்டுவதற்கே.

2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. கட்டுமரம் அரிதாகி வருகிறது. அதற்காக மீனவரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. அலையில் உயிரைப் பணயம் வைப்பவர் அவர்களே. ஆனால் மாலைதோறும் நம் காட்டில் தட்டையைக் கட்டும் கை, எங்கே இறுக்க வேண்டும், எங்கே தளர்த்த வேண்டும் என்பதை இன்றும் அறிந்திருக்கிறது. அந்தக் கையறிவு நம் உறவுகளுக்கும் வாய்க்குமாயின், நாம் கட்டுண்டவர்களாக அல்ல, ஒருவரையொருவர் தாங்குபவர்களாக வாழ்வோம்.