சிறார்க்கு ஈகை பயிற்றுமாறு



நீறணிதலையும் திருவைந்தெழுத்து ஓதுதலையும் மக்கட்கு இளமையிலேயே பயிற்றும் நாம், ஈகையையும் பணிவிடையையும் மட்டும், 'வளர்ந்து பொருளீட்டிய பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்' என ஒத்திவைக்கின்றோம். இது பெரும்பிழை என்பதனைத் திங்களூரில் நிகழ்ந்த வரலாறொன்று தெளிவிக்கும்.

திருநாவுக்கரசு சுவாமிகள் அப்பூதியடிகள் மனையில் அமுது செய்ய இசைந்தருளியபொழுது, அடிகளும் மனைவியாரும் தம் மூத்த மகனைத் தோட்டத்தில் வாழைக்குருத்து அரிந்துவர ஏவினர். அப்பிள்ளை, தன்னை ஏவியதனையே பெரும்பேறாகக் கொண்டு மகிழ்ந்து விரைந்தான் எனச் சேக்கிழார் பெருமான் அருளிச்செய்கின்றார். அரவு தீண்டிய பின்னரும் அவன் கருத்து இலையின் மேலதாகவே யிருந்தது. நஞ்சு தலைக்கேறுமுன் ஓடிவந்து, இலையைத் தாயார் கையிற் கொடுத்த பின்னரே வீழ்ந்தான். பின்னர் அரசர் திருப்பதிகத்தால் உயிர்பெற்றெழுந்தமை யாவரும் அறிவர். அவ்வற்புதத்தையே பேசிப் பழகிய நாம் இலையை மறந்துவிட்டோம்.

அவ்விலையைச் சற்றே சிந்திப்போமாக. பெற்றோர் அப்பிள்ளை கையில் ஒரு பொற்காசைக் கொடுத்து, 'சுவாமிகள் திருவடியில் வைப்பாயாக' என்றிலர். ஒரு வேலையைக் கொடுத்தனர். அதுவும் விளையாட்டு வேலையன்று. இலையின்றி அமுது படைத்தல் இயலாது. தன் கைப்பணி உண்மையில் வேண்டப்படுவதோ, தன்னை மகிழ்விக்கத் தரப்பட்டதோ என்பதனைப் பிள்ளைகள் நன்கு உணர்வர். மேலும், தண்ணீர்ப்பந்தரும் சாலையும் குளமும் சுவாமிகள் பெயரால் அமைத்த மனையிற் பிறந்தவன் அவன். ஈகையைப் பற்றிய சொற்பொழிவு அவனுக்கு வேண்டப்பட்டிலது. (அரவுடைய தோட்டத்திற்குப் பிள்ளைகளை ஏவுக என்கின்றோமல்லோம்!)

நம் முன்னோர் இல்லங்களில் பிடியரிசி வழக்கம் இருந்தது. உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை வேறொரு கலத்திலிட்டு, திங்கள் முடிவில் திருமடத்திற்கேனும் அன்னசாலைக்கேனும் அனுப்புவர். இப்பிடியைப் பிள்ளையின் கையே அள்ளுக. ஐந்து வயதுப் பிள்ளையின் பிடி சிறிதுதான், சிந்துவதும் உண்டு. ஆயினும் கலம் நாடோறும் உயர்ந்து வருதலை அது தானே காணும். நிறைந்தவழி, பிள்ளையையும் உடன்கொண்டு சென்று கொடுத்தல் வேண்டும். எவர் உண்பார் என்பதனை அறியாத பிள்ளைக்கு அது வெறும் அரிசியே. 1867 ஆம் ஆண்டில் இராமலிங்க சுவாமிகள் வடலூரில் நிறுவிய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாதிருக்கின்றது. கொள்கை வேற்றுமை யாதாயினும் ஆகுக. அவ்வடுப்பினருகே ஒரு பிள்ளையை நிறுத்திக் காட்டுதல் நன்றே.

இனி, நம்பாலதாகிய ஒரு பிழையையும் மறையாது கூறுதும். சில ஆண்டுகட்கு முன், நம் இல்லத்துச் சிறுவனைக் கொண்டு ஒரு விழாவில் எளியோர்க்கு ஆடை வழங்குவித்தோம். அவையோர் கைதட்டினர், பலர் தம் கைப்பேசியிற் படமும் பிடித்தனர். நாமும் உள்ளங் குளிர்ந்தோம். மறுவாரம் நம் வாயிலில் வந்த முதியவர் ஒருவர்க்கு அவனே சோறிட்டான். இட்டபின் திரும்பி நம் முகத்தை நோக்கி, "ஒருவரும் கைதட்டவில்லையே, தாத்தா?" என்றான். நாம் விடை கூற வகையறியாது நின்றோம்.

அவனுக்கு நாம் பயிற்றியது ஈகையன்று. ஆணவமலம் தீவினையால் மட்டுமே தடித்துவருவதன்று. 'யான் கொடுத்தேன், என் பொருள்' என்னும் எண்ணம் புகுமாயின் அறத்தையுந் தனக்கு உணவாக்கிக் கொள்ளும். நல்வினையும் விலங்கே, பொன்விலங்கு, என நம் பெரியோர் கூறுவதன் கருத்தும் இதுவே. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் சரியையை விளக்குமிடத்து, அலகிடுதல், மெழுகிடுதல், மாலை தொடுத்தல், விளக்கிடுதல் என்பவற்றோடு, அடியாரைக் காணின் பணிந்து ஏவல் கேட்டு நிற்றலையும் சேர்த்தருளினர். கொடுப்போன் நிலையினின்று ஏவல் கேட்போன் நிலைக்கு இறங்குதலே ஆங்குப் பயிற்சி. திங்களூர்ப் பிள்ளை மகிழ்ந்ததும் கொடுத்தமைக்கன்று, ஏவப்பட்டமைக்கே.

அன்று முதல் நம் இல்லத்தில் சில மாற்றங்கள் செய்தோம். படம் பிடித்தலை அறவே நிறுத்தினோம். வருவோரை, 'ஐயா', 'அம்மா' என்றழைத்து, யாது வேண்டுமென முதலில் வினவும்படி பழக்கினோம். உயிர்க்குயிராய் நிற்கும் முதல்வன் அவரிடத்தும் உளன் என்பதனை அச்சிறுவனுக்கு வேறெவ்வாறு உணர்த்துவது? கிழிந்த ஆடையும் உடைந்த விளையாட்டுப் பொருளும் கொடுத்தற்கு உரியனவல்ல என்றோம். தான் விரும்பும் தின்பண்டத்தைப் பகிருமாறு வற்புறுத்தினோமல்லோம். வன்கண்ணாற் பறித்துக் கொடுப்பித்தது ஈகையாகாது. ஏழு திங்கள் அவன் ஒன்றும் பகிர்ந்திலன். எட்டாந் திங்களில், நம்மைக் கேளாமலே, முறுக்கிற் பாதியை ஒடித்துத் தெருக்கூட்டும் அம்மையார்க்குக் கொடுத்தான். நாம் கண்டும் காணாதார் போன்றிருந்தோம்.

வரும் சித்திரை வெயிலில் வாயிலில் தண்ணீர்க்குடம் வைக்கக் கருதும் அன்பர்கள், மொண்டு கொடுக்கும் பணியைப் பிள்ளைக்கே விடுக. தூய நீர் நிறைத்து மூடிவைத்தலும், வெயில் ஏறியவழி பிள்ளையை நிழலுக்கு அழைத்தலும் பெரியோர் கடன். குடத்தை ஒருமுறையேனும் அது கவிழ்க்கும், சினவற்க.