காணாமையும் இன்மையும்

தரையில் குடம் இல்லை என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம் என்ற கேள்வியை நம் நாட்டுத் தர்க்க அறிஞர் பல நூற்றாண்டுகள் விடாது விசாரித்திருக்கின்றனர். இருக்கும் பொருளைக் கண் பற்றுகிறது. இல்லாத பொருளிடத்தில் கண் பற்றுவதற்கு எதுவும் இல்லை. ஆயினும் குடம் இல்லை என்ற நிச்சயம் நமக்கு உண்டாகத்தான் செய்கிறது. அந்த நிச்சயமும் நேர்க்காட்சியாகிய பிரத்தியட்சத்தின்பாற்பட்டதே என்றனர் நையாயிகர். அன்று, அது காணாமையாகிய அனுபலப்தி என்னும் தனிப் பிரமாணம், அறிவுக்குரிய தனி வழி, என்று குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர் வாதிக்க, அத்வைதிகளும் அதனை ஏற்றனர். நம் சைவ சித்தாந்தத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார், இந்த அனுபலப்தியைக் குறிக்கும் அபாவம் முதலிய பிற அளவைகளையெல்லாம், அதாவது பிரமாணங்களையெல்லாம், எண்ணிக் காட்டி, அவை காண்டல், கருதல், உரை என்ற மூன்றனுள் அடங்கும் என்று தம் சிவஞான சித்தியாரில் தீர்ப்பளித்தார். இவ்வாதம் ஏட்டுச் சுவடிகளோடு முடிந்துபோனது என்று கருதுவோர், கணினியால் இயங்கும் குழாய் வளைக்கும் இயந்திரத்தின் வேலையைச் சற்று ஊன்றி நோக்குவாராயின், அதே கேள்வி அங்கே எஃகைப் பற்றி எழுந்திருப்பதைக் காண்பர்.

அவ்வியந்திரத்திற்கு வரும் குழாய்களிற் பெரும்பகுதி, முன்னர்த் தட்டையான எஃகுப் பட்டையாய்ச் சுருண்டு கிடந்தவை. பட்டையை உருளைகளினூடே செலுத்தி வட்டமாக்கி, இரு விளிம்புகளையும் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் காய்ச்சி, ஒன்றோடொன்று அழுத்திச் சேர்க்கிறார்கள். வெளியே பிதுங்கும் உலோகத்தை உடனே சீவிவிடுவதால் சேர்ந்த இடம் பலவேளைகளில் கண்ணுக்கும் கைக்கும் மறைந்து போகிறது. மறைந்தாலும் அந்த வெல்டிங் கோடு சுபாவத்தால் வேறாகவே நிற்கிறது. வெப்பத்தால் அங்கே உலோகத்தின் உள்ளமைப்பு மாறியிருக்கிறது. இனி, குழாய் வளையுங்கால் வெளிப்புறம் இழுபட்டு மெலிகிறது. உட்புறம் நெருக்குண்டு சுருங்குகிறது. இரண்டிற்கும் இடையில், இழுப்பும் நெருக்கமும் ஏறத்தாழ அற்ற ஒரு நடுநிலைப் பகுதி அமைகிறது. வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப்போல் இரு மடங்காயின், வெளிப்புற உலோகம் ஏறக்குறைய 25 சதவீதம் நீள வேண்டியிருக்கும். அத்துணை இழுப்பைத் தாங்கும் பொறுப்பு வெல்டிங் கோட்டின் மீது விழுந்தால் பிளவு நேரக்கூடும் ஆதலின், கோட்டைப் பெரும்பாலும் நடுநிலைப் பகுதியில் இருத்தியே வளைப்பது இத்தொழிலில் அனுபவமுடையோர் கைக்கொண்ட முறை.

இயந்திரத்தை இயக்குபவர் ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கோட்டைத் தேடிய அந்த வேலையை இப்போது சென்சார் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சில இயந்திரங்களில் கேமரா தேடுகிறது. வேறு சிலவற்றில், மாறுமின்னோட்டம் பாயும் ஒரு கம்பிச்சுருள், சுழலும் குழாயின் அருகே நின்று, அதனுள் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி, அது எங்கே மாறுபடுகிறது என்று கவனிக்கிறது. இந்த மின்னோட்டத்தின் செயலை, காந்த முனைகளிடையே சுழலும் செம்புத் தகட்டைக் கொண்டு 1855இல் காட்டியவர் பிரெஞ்சு அறிஞர் பூக்கோ. அதன் துணையால் ஓர் உலோகத்தை மற்றோர் உலோகத்தினின்றும் பிரித்தறியலாம் என்று 1879இல் காட்டியவர் ஹியூஸ் என்னும் அறிஞர். மின்னோட்டம் மாறுபட்ட கோணத்தைக் கணினி குறித்துக்கொண்டு, வேண்டிய அளவு குழாயைத் திருப்பி, வளைக்கத் தொடங்குகிறது.

கம்பிச்சுருள் கோட்டைக் காண்பதில்லை என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். அது அறிவது மின்னோட்டத்தின் மாறுபாட்டை மாத்திரமே. மாறுபாடு உள்ள இடத்தில் கோடு உண்டு என்பது அனுமானம். புகையினின்று நெருப்பை ஊகிப்பதற்கு இரண்டிற்கும் இடையே பிரியாத சம்பந்தமாகிய வியாப்தி வேண்டும் என்பர். இங்கோ அந்த வியாப்தியை நிலைநாட்டியது இயந்திரம் அன்று, எத்துணை மாறுபாட்டைக் கோடென்று கொள்ள வேண்டும் என்று அதற்கு வரையறுத்துக் கொடுத்த மனிதர். குழாயின் நெடுகச் சென்ற ஒரு கீறலும் அதே மாறுபாட்டைத் தரக்கூடும். அது பழுதையைப் பாம்பென மயங்கும் பழைய கதை, அதனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை.

என் மனத்தை மிகுதியும் பற்றி நிற்பது, குழாய் ஒரு முழுச் சுற்றுச் சுற்றியும் சென்சாருக்கு எதுவும் அகப்படாத அந்த வேளையே. குழாயில் கோடு இல்லை என்று அப்போது கொள்வதா, கோடு இருந்தும் காணப்படவில்லை என்று கொள்வதா? வெல்டிங்கே இன்றி உருவாகும் குழாய்களும் உலகில் உண்டு; வெல்டிங் செய்த பின் மாண்ட்ரல் என்னும் உட்கோலின் மீது குளிர்நிலையில் இழுக்கப்பட்டு, வெப்பத்தாலும் பதப்படுத்தப்பட்டுக் கோட்டின் வேற்றுமை அநேகமாக அழிந்துபோன குழாய்களும் உண்டு. முன்னதில் கோடு இல்லை. பின்னதில் இருக்கிறது, ஆனால் அகப்படுவது அரிது. சென்சாருக்கோ இரண்டும் ஒன்றே.

இதற்கு மீமாம்சகர் விதித்த நிபந்தனை மிகவும் நுட்பமானது. இருந்திருப்பின் காணப்பட்டே இருக்கும் என்னும் யோக்கியதை ஒரு பொருளுக்கு இருந்தால் மாத்திரமே, அதைக் காணாமை அதன் இன்மைக்குப் பிரமாணமாகும். வெளிச்சமுள்ள தரையில் காணப்படாத குடம் அங்கே இல்லாததே. இருளில் காணப்படாத குடத்தைப் பற்றியோ, இயல்பாகவே காட்சிக்கு எட்டாத பிசாசைப் பற்றியோ அவ்வாறு முடிவுகட்டலாகாது. அனுபலப்தி தனிப் பிரமாணமா அன்றா என்பதில் மாறுபட்ட நையாயிகரும் இந்த யோக்கியதை வேண்டும் என்பதை மறுக்கவில்லை.

கோடு அகப்படாதபோது இயந்திரம் நின்று மனிதரை அழைக்கும்படியும் அமைக்கலாம், கோடு இல்லை என்றே கொண்டு வளைத்துத் தள்ளும்படியும் அமைக்கலாம். உற்பத்தியின் வேகம் குறைகிறதே என்ற கவலையால் இரண்டாவதைத் தேர்ந்துகொள்வோர், இருளில் குடத்தைத் தேடிவிட்டு அது இல்லை என்று சத்தியம் செய்பவராகிறார்கள் என்பதே என் உறுதியான எண்ணம். அக்குழாய் நாளை ஒரு வாகனத்தின் இருக்கைச் சட்டமாகும். அதில் அமர்ந்து செல்பவருக்கு, தம் உடலைத் தாங்கும் எஃகைப் பற்றி இப்படியொரு சத்தியம் செய்யப்பட்டதை அறிய வழியே இல்லை.

ஆகவே, கோடு எங்கே இருக்கிறது என்று முன்னமே தெரிந்த ஒரு குழாயைச் சென்சாரின் முன் சுழற்றி, அது கோட்டைக் காண்கிறதா என்று சோதிக்கும் அந்தச் சிறு காரியமே சென்சாரின் காணாமைக்குப் பிரமாணத் தகுதியை அளிக்கிறது. அத்தகுதியும் அந்த வகைக் குழாயோடு நிற்பது; சுவரின் கனமோ எஃகின் வகையோ பதப்படுத்திய முறையோ மாறிய கட்டு ஒன்று வந்து சேர்ந்தால், சோதனையை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.