ஆற்றுப்படுத்தும் அறம்

'பரிந்துரை' என்னும் சொல்லைப் பிரித்து நோக்கினால் 'பரிந்து உரைத்தல்' என விரியும். ஒருவர்பால் பரிவு கொண்டு, இது அவர்க்கு நலம் பயக்கும் எனத் தேர்ந்து, வாய் திறந்து சொல்வது என்பது இதன் பொருள். பரிவதற்கு ஒரு நெஞ்சம் வேண்டும். உரைப்பதற்கு அப்பொருளைப் பற்றிய அறிவு வேண்டும். இன்று நம் இல்லங்களில் மாலை வேளையில் தொலைக்காட்சித் திரையை ஒளிரச் செய்தவுடன், நமக்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டவை என்னும் தலைப்பின்கீழ்த் திரைப்படங்களும் தொடர்களும் வரிசை வரிசையாக அணிவகுத்து நிற்கின்றன. அவற்றைத் தேர்ந்தவர் யார்? அவர் அப்படங்களைப் பார்த்தவரா? நம்மேல் பரிவு உடையவரா? இக்கேள்விகளை நாம் கேட்பதில்லை. கேட்டறியப் பொழுதும் இல்லை. விரல் அழுந்துகிறது, படம் ஓடத் தொடங்குகிறது.

ஒரு சினிமாவைப் பார்ப்பதற்கு இத்துணை அறவாராய்ச்சி வேண்டுமா என்று சிலர் நகைக்கக்கூடும். உழைத்துக் களைத்து வீடு திரும்பும் மனிதனுக்கு நாளொன்றில் தனக்கென எஞ்சுவது இரண்டு மணி நேரமே. அந்த இரண்டு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று ஒருவர் நமக்குச் சொல்வாராயின், அவர் நம் வாழ்நாளில் ஒரு பகுதியைக் கேட்டு வாங்குகிறார் என்றே பொருள். கடன் கேட்பவரிடம் ஆயிரம் கேள்வி கேட்கும் நாம், பொழுதைக் கேட்பவரிடம் ஒரு கேள்வியும் கேளாதது வியப்பன்றோ!

நம் முன்னோர் பரிந்துரைத்தலை ஓர் இலக்கிய வகையாகவே வளர்த்தனர். அதற்கு ஆற்றுப்படை என்று பெயர். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீள்பவர், வறுமையோடு எதிர்வருபவரை வழியில் கண்டு, தாம் பெற்ற பெருவளத்தை எடுத்துரைத்து, அவரும் சென்று பயன்பெறுமாறு வழிப்படுத்துவதே ஆற்றுப்படை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் இலக்கணம் வகுக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து நூல்கள், இவ்வகையைச் சார்ந்தவை. இவ்விலக்கணத்தில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வழி சொல்பவர் அவ்வழியே நடந்து சென்றவர். அவ்வள்ளலின் சோற்றை உண்டவர். செவிவழிச் செய்தியைக் கொண்டு எவரும் எவரையும் ஆற்றுப்படுத்துவதில்லை. அதனினும் சிறப்பு, அவர் வழியின் இடர்களையும் மறையாது சொல்வது. கூத்தராற்றுப்படை என்று வழங்கப்பெறும் மலைபடுகடாத்தில், நன்னனிடம் செல்லும் கூத்தர்க்கு, காட்டுப்பன்றிக்காக வைத்த பொறிகள் எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எவ்வாறு பாய்ந்து வரும், பாம்புறையும் இடம் எது, முதலை கிடக்கும் நீர்நிலை எது என்றெல்லாம் விரிவாக எச்சரிக்கை செய்யப்படுகிறது. நன்மையை மட்டும் சொல்பவன் விற்பனையாளன். தீங்கையும் சேர்த்துச் சொல்பவனே ஆற்றுப்படுத்துபவன்.

இந்த அளவுகோலைக் கையில் கொண்டு இன்றைய இயந்திரப் பரிந்துரையின் வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் முதலில் திரைப்படக் குறுந்தட்டுகளை அஞ்சல் வழியே வீடுகளுக்கு அனுப்பி வந்தது. படம் பார்த்தவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன்கள் இட்டுத் தம் மதிப்பைத் தெரிவிப்பர். அம்மதிப்புகளை ஒப்பிட்டு, ஒருவர் இன்னும் பார்க்காத படத்திற்கு எத்தனை விண்மீன் தருவார் எனக் கணித்துச் சொல்லும் கணிப்புமுறை ஒன்றை அந்நிறுவனம் வைத்திருந்தது. அக்கணிப்பைப் பத்து விழுக்காடு செம்மைப்படுத்துவோர்க்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2006-இல் உலகறிய அறிவித்தது. ஏறத்தாழ 4,80,000 சந்தாதாரர்கள் 17,770 படங்களுக்கு இட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்கள் போட்டியாளர்களுக்கு வழங்கப்பட்டன. மூன்றாண்டுக் காலம் கணித வல்லுநர்கள் முயன்றனர். 2009-இல் இரண்டு குழுக்கள் 10.06 விழுக்காடு என்ற ஒரே அளவுச் செம்மையை எய்தின. இருபது நிமிடம் முந்தித் தம் விடையை அளித்த குழுவுக்குப் பரிசு சென்றது. பெயர்களை நீக்கிய பின்னரே அம்மதிப்பெண்கள் வெளியிடப்பட்டன. எனினும், அவற்றிலிருந்து ஆளை அடையாளம் கண்டுவிட இயலும் என டெக்ஸாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் காட்டினர். அடுத்து நடத்தவிருந்த இரண்டாம் போட்டி 2010-இல் கைவிடப்பட்டது. ஒருவன் எந்தெந்தப் படங்களைப் பார்த்தான் என்னும் பட்டியல் அவன் கைரேகையைப் போன்றது என்று உலகம் அன்று அறிந்தது.

இக்கதையில் நம் சிந்தனைக்கு உரியது இனிமேல்தான் வருகிறது. அத்துணை முயன்று கண்ட வெற்றி முறையை அந்நிறுவனம் முழுமையாகப் பயன்படுத்தவில்லை. அதற்குள் குறுந்தட்டு பின்தங்கி, இணையவழியே படம் நேராக வீட்டுக்குள் பாயும் காலம் வந்துவிட்டது. குறுந்தட்டை அனுப்பிய நாளில், அதைப் பார்த்தவர் என்ன நினைத்தார் என்று அவரைக் கேட்டுத்தான் அறிய வேண்டியிருந்தது. இப்போது கேட்க வேண்டியதில்லை. எப்போது தொடங்கினார், எங்கே நிறுத்தினார், எதைப் பாதியில் விட்டு எழுந்தார் என அனைத்தும் தாமே பதிவாகின்றன. 2017-இல் ஐந்து விண்மீன்களும் எடுக்கப்பட்டு, கட்டைவிரல் உயர்வும் தாழ்வும் மட்டும் எஞ்சின. மனிதர் மதித்துப் போற்றும் படம் வேறு, மாலையில் தேடிப் பார்க்கும் படம் வேறு என்பதை அத்துறையினர் கண்டுகொண்டனர். உயர்ந்த ஆவணப்படத்திற்கு ஐந்து விண்மீன் இட்டவரே அன்றிரவு மூன்று விண்மீன் நகைச்சுவையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்!

இவருள் உண்மையான மனிதர் யார்? ஐந்து விண்மீன் இட்டவரா? நகைச்சுவை பார்த்தவரா? இயந்திரம் இரண்டாமவரை நம்பிற்று. செயலே மெய், சொல் வெறும் பாவனை என்பது அதன் முடிபு. மேலோட்டமாக நோக்கின் இம்முடிபு நேர்மையானதாகவே தோன்றும். ஆயினும் இதனை முற்றும் ஏற்க நம் மனம் ஒருப்படவில்லை. ஒருவன் எதை மதிக்கிறான் என்பதும் அவனைப் பற்றிய உண்மைதான். அவன் இன்று எதைச் செய்தான் என்பது அவன் களைப்பையும் உள்ளடக்கியது. அவன் எதை மதிக்கிறான் என்பது அவன் ஆகவிரும்பும் நிலையைக் காட்டுவது. நல்ல நண்பன் இரண்டையும் அறிவான். வெள்ளிக்கிழமை இரவு, நெரிசல் மிக்க மின்ரயிலில் நின்றபடியே வீடு வந்து சேர்ந்தவரிடம், போரின் கொடுமையைக் காட்டும் நான்கு மணி நேரப் படத்தை அவன் நீட்டமாட்டான். அதே நண்பன், ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமையில், "நீ ஒருநாள் பார்க்க வேண்டும் என்று சொன்னாயே, இன்று பார்" என்று நினைவூட்டுவான். நாம் எவ்வாறு இருக்கிறோம் என்பதை அறிந்தவர் பலர். நாம் எவ்வாறு இருக்க விரும்பினோம் என்பதை நினைவில் வைத்திருப்பவர் மிகச் சிலரே.

இயந்திரத்தின்மேல் பழியனைத்தையும் சுமத்துவது முறையன்று. மனிதர் செய்யும் பரிந்துரையில் ஒரு கறை உண்டு. இயந்திரத்திடம் அது இல்லை. நம்மில் பலர் ஒரு படத்தைச் சிபாரிசு செய்யும்போது, படத்தைவிடத் தம்மையே முன்னிறுத்துகின்றனர். ஈரானியப் படம் ஒன்றன் பெயரை விருந்தில் உதிர்ப்பவர், கேட்பவர் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாரா, தாம் பார்த்ததை ஊர் அறிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறாரா? (நம் சங்கக் கூட்டங்களிலும் இத்தகையோர் இலர் என்று சொல்வதற்கில்லை.) அவர் சொன்னதை நாம் பார்க்கவில்லையெனில் முகம் வாடுகிறார், பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றாலோ நம் சுவையையே ஐயுறுகிறார். இயந்திரத்திற்கு இந்தச் செருக்கு இல்லை. நாம் நூறு முறை மறுத்தாலும் அது சினப்பதில்லை. மேலும், மலையாளம் அறியாத தமிழ்க் குடும்பம் ஒன்று தில்லியில் அமர்ந்து மலையாளப் படத்தை எழுத்துரையோடு கண்டு மகிழ்வதும், கொரியத் தொடரைப் பாட்டியும் பேத்தியும் விடாமல் பார்ப்பதும் இத்தளங்களால் விளைந்த நன்மைகளே. முன்பு தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் காட்டிய மாநில மொழிப் படத்திற்காகக் காத்திருந்த தலைமுறை இவ்வளத்தின் அருமையை அறியும்.

எனினும் ஒன்று நெருடுகிறது. ஒரே படத்திற்கு ஆளுக்கொரு முகப்புப் படம் காட்டும் முறையை அந்நிறுவனப் பொறியாளர்களே 2017-இல் விளக்கி எழுதினர். 'குட் வில் ஹண்டிங்' என்னும் படத்தை எடுத்துக்காட்டாகக் கூறி, காதற்படங்களை விரும்புவோர்க்குக் காதலர் இருவரின் படமும், நகைச்சுவை விரும்புவோர்க்கு ராபின் வில்லியம்ஸின் படமும் காட்டப்படலாம் என்றனர். அடுத்த ஆண்டு, கறுப்பின மக்கள் சிலர், படத்தில் சில நிமிடங்களே தோன்றும் கறுப்பின நடிகரை முகப்பில் பெரிதாகக் காட்டித் தம்மை ஈர்க்க முயன்றதாகக் குறைகூறினர். தாங்கள் எவருடைய இனத்தையும் கேட்பதில்லை என்று நிறுவனம் விடை தந்தது. அது மெய்யாகவே இருக்கலாம். கேளாமலே அறிந்துகொள்ளும் ஆற்றல் வந்துவிட்ட பிறகு, கேட்கவில்லை என்பது போதிய விடையாகுமா? மணமகன் வீட்டார் ஒவ்வொருவரின் விருப்பத்திற்கும் ஏற்பப் பெண்ணைப் பற்றி வெவ்வேறாகச் சொல்லும் திருமணத் தரகரை நாம் கண்டிருக்கிறோம். அவர் சொல்வனவற்றுள் ஒன்றும் பொய்யன்று. இருந்தும் அவரை நாம் நம்புவதில்லை. பன்றிப்பொறியைச் சொல்லாது பரிசிலை மட்டும் சொல்பவர் அவர்.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு, இது சுவை பற்றிய வினா மட்டும் அன்று. பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் அவர்களுக்குச் செவிவழியாக மட்டுமே வருகிறது. மும்பை மாடுங்காவில் அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் ஓடிய நாளில், குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சென்றது. எந்தப் படத்திற்குச் செல்வது என்பதை ஊரிலிருந்து வந்த கடிதமோ பக்கத்து வீட்டு மாமியோ சொல்ல, வீட்டார் கூடி முடிவு செய்தனர். பிடிக்காத படத்தையும் பிள்ளைகள் இருந்து பார்த்தனர். பார்த்ததனால் மொழி ஒட்டிக்கொண்டது.

இன்று நிலைமை வேறு. வீட்டில் ஆளுக்கொரு தனிப்பக்கம். தந்தையின் பக்கத்தில் இருப்பது மகன் பக்கத்தில் இராது. இந்தித் தொடரையும் ஆங்கிலத் தொடரையும் பார்க்கும் மகனுக்கு அவையே மேலும் மேலும் காட்டப்படும். ஆண்டுக்கு இருமுறை அவன் பார்க்கும் தமிழ்ப் படம் வரிசையில் கீழே கீழே இறங்கிப் பார்வைக்கு எட்டாத இடத்திற்குச் சென்றுவிடும். பார்க்கப்படுவதே காட்டப்படும், காட்டப்படுவதே பார்க்கப்படும் என்னும் இச்சுழல் இத்துறை ஆய்வாளர்கள் நன்கறிந்த ஒன்று. நெட்ஃபிளிக்ஸ் அலுவலர் இருவர் 2015-இல் எழுதிய கட்டுரையின்படி, பார்வையாளர் தேடலில் ஊக்கம் இழப்பதற்குள் கிடைக்கும் நேரம் அறுபது முதல் தொண்ணூறு வினாடிகளே. அதற்குள் அவர் கண்ணோட்டும் படங்கள் பத்து முதல் இருபது. தளத்தில் பார்க்கப்படும் மணிநேரங்களில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு பரிந்துரையால் வருவது என்றும் அவர்கள் குறித்தனர். அந்தத் தொண்ணூறு வினாடிக்குள் தமிழ் கண்ணில் படவில்லை எனில், அம்மாலைப் பொழுதுக்கு அவ்வீட்டில் தமிழ் இல்லை. இதில் எவருடைய வஞ்சனையும் இல்லை. தமிழ்மேல் பகையும் இல்லை. உள்ளதைப் பெருக்குவது அதன் தொழில். இல்லாமற்போகும் ஒன்றைக் காப்பது அதற்கு இட்ட பணியன்று.

அப்பணி யாருடையது? பெற்றோருடையதும் பாட்டன் பாட்டியருடையதும்தான். ஆனால் அதையும் ஆணையாகச் செய்தல் ஆகாது. "தமிழ்ப் படம் பார்த்தால்தான் தமிழன்" என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால், அவன் கதவைச் சாத்திக்கொள்வான். அதில் அவனைக் குறைகூறவும் இடமில்லை. தாம் இளமையில் கண்டு நெகிழ்ந்த கறுப்பு வெள்ளைப் படங்களையெல்லாம் வரிசையாகத் திணிப்பதும் பயன் தராது. அது பரிந்துரை ஆகாது. தம் இளமைக்குத் தாமே எடுக்கும் விழா. பிள்ளை எதைப் பார்த்துச் சிரிக்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்று முதலில் அவன் பார்ப்பதை அவனோடு அமர்ந்து பார்க்க வேண்டும். மர்மத் தொடரை விரும்பும் பிள்ளைக்குச் சுந்தரம் பாலசந்தர் 1954-இல் இயக்கிய 'அந்த நாள்' படத்தைக் காட்டலாம். பாடல்களே இல்லாத படம் என்று முன்கூட்டிச் சொன்னால் அவன் புருவம் உயரும். பழைய ஒலிப்பதிவு, சில காட்சிகளில் செந்தமிழ் விரைந்து செல்லும், புரியாத இடத்தில் நிறுத்திக் கேள் என்று இடர்களையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு சொல்ல வேண்டிய சொல் ஒன்று உண்டு: "வா, சேர்ந்து பார்ப்போம்." எந்த இயந்திரத்தாலும் இதனைச் சொல்ல இயலாது. தான் பரிந்துரைத்த படத்திற்குத் தன் இரண்டு மணி நேரத்தையும் உடன் வைப்பவர், அதன் சுமையில் பாதியைத் தாம் ஏற்றுக்கொள்கிறார். படம் நன்றாக இல்லையெனில் இருவர் பொழுதும் வீண். அதனாலேயே அவர் எண்ணிச் சொல்வார்.

பரிந்துரையைப் பெறுபவர்க்கும் கடமை உண்டு. தொலைவில் இருக்கும் அக்காளோ சித்தப்பாவோ ஒரு படத்தைப் பார்க்கச் சொல்லி, நாமும் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்துவிடுகிறோம். அவர் நம்மை நினைத்து ஒன்றைத் தேர்ந்தார். அது நமக்குப் பொருந்திற்றா என்று அறியாமல் இருக்கிறார். இயந்திரத்திற்குக் கட்டைவிரல் போதும். அக்காளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வேண்டும். "பாதியில் உறங்கிவிட்டேன், அக்கா" என்று உண்மையைச் சொன்னாலும் அவர் வருந்தமாட்டார். எந்த இடத்தில் உறக்கம் வந்தது என்று கேட்பார். அதைக் கேட்டே, அடுத்த வாரத்திற்கு எந்தப் படத்தைச் சொல்வது என்பதையும் முடிவு செய்துகொள்வார்.